பாண்டோமைம்தான் பிரிட்டனின் உண்மையான தேசிய நாடகமா?

கூத்துப்பித்தன்

டிசம்பர் வந்தால் லண்டனில் இருக்கும் நம் ஆட்கள் பிள்ளைகளோடு ‘பாண்டோ’, அதாவது பாண்டோமைம் என்ற கிறிஸ்துமஸ் காலக் குடும்ப நாடகம், பார்த்த படங்களைப் போடுகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் கீழே வந்து, பாண்டோமைம் என்றால் பேசாமல் சைகையில் நடிப்பதுதானே, இதில் மேடையும் கத்துகிறது கூட்டமும் கத்துகிறதே என்று கேட்கிறார்கள். வருஷாவருஷம் இதே கேள்வி. மொத்தமாக ஒரே இழையில் கொட்டிவிடலாம் என்று தொடங்குகிறேன். என் கட்சியையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரிட்டிஷ்காரர்களுக்குத் தேசிய நாடகம் என்று ஒன்று உண்டென்றால் அது ஷேக்ஸ்பியர் இல்லை, இந்தப் பாண்டோதான். ஷேக்ஸ்பியரைப் படித்துப் பரீட்சை எழுதுவார்கள். பாட்டி, பேத்தி, சித்தப்பா எல்லாரும் ஒரே வரிசையில் காசு கொடுத்து உட்கார்வது இதற்குத்தான்.

1717இல் ஆரம்பிக்கலாம். ட்ரூரி லேன் அரங்கில் ஜான் வீவர் என்ற நடன ஆசிரியர் மார்ஸ், வீனஸ் என்ற ரோமாபுரித் தெய்வங்களின் காதல் கதையை ஒரு சொல் வசனம் இல்லாமல் ஆடவைத்தார். பழைய ரோமாபுரி ஆட்டத்தை மீட்கிறோம் என்பது அவர் நினைப்பு. ஏறக்குறைய அதே நேரத்தில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் ஜான் ரிச் என்பவர் இத்தாலியக் கோமாளி நாடகத்திலிருந்து ஹார்லிக்வின் என்ற குறும்புக்காரப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, ‘லன்’ என்ற மேடைப்பெயரில் தானே வேஷம் கட்டினார். வீவரிடம் படிப்பு இருந்தது, ரிச்சிடம் கூட்டம் இருந்தது. ரிச்சின் பேர்போன காட்சி முட்டையிலிருந்து ஹார்லிக்வின் பொரிந்து வருவது. ஓட்டில் முதல் விரிசல், உள்ளே உயிர் அசைவது, காலால் தரையைத் தொட்டுப் பார்ப்பது, தள்ளாடி நிமிர்வது, கடைசியில் வெற்று ஓட்டைச் சுற்றி ஒரு துள்ளல் ஓட்டம். எல்லாம் உடம்பிலேயே. இரண்டு கொட்டகைக்கும் போட்டி முற்றி, 1723இல் ஃபாஸ்டஸ் மந்திரவாதி கதையை இருவருமே ஹார்லிக்வினை வைத்துப் போட்டார்கள்.

இதற்குப் பிறகு சட்டம் உள்ளே வருகிறது. லண்டனில் நாடகம் போடும் உரிமையை இரண்டாம் சார்லஸ் மன்னர் ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். 1737 உரிமச் சட்டம் அந்தக் கயிற்றை இறுக்கியது. வசன நாடகம் என்றால் ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன். மற்றக் கொட்டகைகள் பாட்டு, ஆட்டம், கயிற்றில் நடப்பது, ஊமைக்கூத்து என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சேட்லர்ஸ் வெல்ஸ் மாதிரி இடங்களில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கதை புரியாமல் போகிற இடத்தில் நடிகர் ஒரு சுருளை விரிப்பார், அதில் வசனம் எழுதியிருக்கும். பேசினால்தானே குற்றம்! 1843இல் சட்டம் மாறிய பிறகுதான் எல்லாக் கொட்டகையிலும் வாய் திறந்தார்கள், திறந்த வாயை இன்றுவரை மூடவில்லை. ஊரில் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

ஈலிங்வாசி

நல்ல இழை அண்ணா. வரலாறு எனக்குத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல்தரம் போனபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள், உதவிக்குத் தாய்மார் கொஞ்சப்பேரும் போனோம். வில்லன் மேடையின் ஒரு பக்கத்தால் வந்த உடனே முழு மண்டபமும் ‘பூ’ என்று கூச்சல், நல்ல தேவதை மற்றப் பக்கத்தால் வந்தால் கைதட்டு. இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, பற்கள் பாதி இல்லை, என் மகளைவிடப் பெரிதாகக் கத்துகிறா.

பிறகு அந்த வாங்குக் காட்சி, பெஞ்சுக் காட்சி என்பார்களே, அது. மூன்று நாலு பேர் காட்டுக்குள் ஒரு வாங்கில் இருந்து, பயம் போகப் பாட்டுப் பாடுவார்கள். பின்னால் ஒரு பேய் வரும். பிள்ளைகள் தொண்டை கிழிய “உங்களுக்குப் பின்னால!” என்பார்கள். இவர்கள் இடப்பக்கம் பார்க்கப் பேய் வலப்பக்கம் போகும். “ஒருத்தரும் இல்லையே” என்பார்கள். “இருக்கு!” “இல்லை!” என்று இரண்டு நிமிடம் சண்டை. ஒவ்வொரு தரமும் பேய் ஓராளைக் கொண்டுபோகும். கடைசியாக மிஞ்சுவது டேம், அதுதான் பெண் வேஷம் போட்ட ஆண். பேய் அவளுடைய முகத்தைப் பார்த்துப் பயந்து தானே ஓடிவிடும். எத்தனை தரம் பார்த்தாலும் அதே முடிவு, அதே சிரிப்பு.

முடியப்போகும் நேரம் ஒரு துணியை இறக்குவார்கள், அதில் பாட்டு எழுதியிருக்கும். மண்டபத்தை இரண்டாகப் பிரித்து, எந்தப் பக்கம் சத்தம் கூட என்று போட்டி வைப்பார்கள். அது சும்மா விளையாட்டில்லை, துணிக்குப் பின்னால் மற்ற எல்லாரும் கல்யாணக் காட்சிக்கு உடுப்பு மாற்றிக்கொண்டு நிற்பார்கள்.

சந்தேகப்பிராணி

கூத்துப்பித்தன் அண்ணா, கட்சியெல்லாம் பலமாகத்தான் இருக்கிறது. சரக்கில் எது பிரிட்டிஷ் சரக்கு?

ஹார்லிக்வின் இத்தாலி. சிண்ட்ரெல்லா 1697இல் பிரான்சில் பெரோ எழுதியது, பாண்டோவில் அந்தக் கதைக்குள் வரும் இளவரசனின் ஆள் டாண்டினி, ரோசினியின் 1817 இத்தாலிய ஆபராவிலிருந்து வந்தவன். அலாவுதீன் இன்னும் வேடிக்கை. அலெப்போவிலிருந்து போன ஹன்னா தியாப் என்ற சிரியாக்காரர் 1709இல் பாரிசில் கலான் என்ற பிரெஞ்சுக்காரருக்குச் சொன்ன கதை அது. கதை நடப்பது சீனாவில். லண்டன் மேடையில் அவன் அம்மாவுக்கு 1861இல் ஒரு மலிவுத் தேயிலையின் பெயரை வைத்து ‘விடோ ட்வான்கி’ ஆக்கினார்கள். இதைத் தேசியம் என்று சொன்னால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அசல் உள்ளூர் ஆள் டிக் விட்டிங்டன் ஒருவர்தான். 1423இல் இறந்த நிஜ லண்டன் மேயர். அவரையும் ஏழைப் பையனாக்கிக் கையில் பூனையைக் கொடுத்துவிட்டார்கள். நிஜத்தில் க்ளாஸ்டர்ஷையர் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை.

இன்னொன்று. அந்தக் காலத்துப் பெரிய நாடகக்காரர்கள் இதை மதிக்கவே இல்லை. ட்ரூரி லேனை நடத்திய பெரிய நடிகர் டேவிட் காரிக் 1750இல் மேடையேறி, லியருக்கும் ஹாம்லெட்டுக்கும் கூட்டம் வராவிட்டால் மனசில்லாமல் ஹார்லிக்வினைத்தான் தர வேண்டியிருக்கும் என்ற பொருளில் ஒரு முன்னுரைப் பாட்டே படித்தார். ஷேக்ஸ்பியரின் வீடு என்று அவர் நினைத்த இடத்தில் வேறு வழியில்லாமல் வாடகைக்கு விட்ட குடித்தனம்தான் உங்கள் பாண்டோ.

கூத்துப்பித்தன்

காரிக்கைச் சொன்னீர்கள், அவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள் தம்பி. 1759இல் அவரே ‘ஹார்லிக்வின்ஸ் இன்வேஷன்’ எழுதி, ஹார்லிக்வினைப் பேசவும் வைத்தார். மனசில்லாமல் என்றவர் எதற்குப் பேனாவை எடுத்தார்?

கதை வெளியூர் என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. அவர்களின் பெரிய நாடகாசிரியரே டென்மார்க், வெரோனா, வெனிஸ் என்று வெளியூர்க் கதையில் பிழைத்தவர்தானே. எடுத்ததை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அதற்கு ஜோசப் கிரிமால்டியைத் தெரிய வேண்டும்.

1778இல் பிறந்தவர். இத்தாலிய வம்சம், பிறந்து வளர்ந்தது லண்டன். மூன்று வயது முடியும் முன்பே சேட்லர்ஸ் வெல்ஸில் மேடையேற்றிவிட்டார்கள். அப்போதைய பாண்டோவில் முதலில் சின்னதாக ஒரு தேவதைக் கதை வரும். நடுவில் தேவதை கோலை ஆட்டினால் அந்தப் பாத்திரங்களே ஹார்லிக்வின், அவன் காதலி கொலம்பைன், கிழவன் பாண்டலூன், கோமாளி க்ளவுன் என்று மாறிவிடுவார்கள். அதற்கப்புறம் துரத்தல்தான், கடைத்தெரு, சத்திரம், சந்தை என்று. ஆட்டத்தின் பெரும்பகுதியே அந்தத் துரத்தல். அதுவரை க்ளவுன் ஒரு பட்டிக்காட்டு மடையன், ஹார்லிக்வின்தான் நாயகன். கிரிமால்டி அதைத் தலைகீழாக்கினார். வெள்ளை முகத்தில் இரண்டு கன்னத்திலும் சிவப்பு முக்கோணம், பெரிய பை வைத்த கால்சராய். கடையில் தொங்கும் சாசேஜ் சரத்தை உருவிப் பைக்குள் திணிப்பார், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போகிறவன் பின்பக்கத்தில் குத்துவார். லண்டன் தெருவில் பசியோடு அலைகிறவன் செய்ய ஆசைப்பட்டதையெல்லாம் மேடையில் செய்தார். இன்றும் அங்கே கோமாளியை ‘ஜோயி’ என்பது இவரால்தான்.

1806 டிசம்பர் 29இல் கோவென்ட் கார்டனில் தாமஸ் டிப்டின் எழுதிய ‘மதர் கூஸ்’. ஆடம்பர செட்டெல்லாம் கிடையாது, நிர்வாகமும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அந்தப் பருவத்தில் தொண்ணூறு இரவுகளைத் தாண்டியது. இந்த மனிதர் விழுந்து புரண்டே உடம்பைத் தின்றுவிட்டார். 1828இல் விடைபெறும்போது ஐம்பது வயதுகூட இல்லை, நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து நடித்தார். அவர் நினைவுக்குறிப்புகளைப் பின்னால் பதிப்பித்தது இளைஞர் சார்லஸ் டிக்கன்ஸ். இப்போதும் பிப்ரவரியில் கிழக்கு லண்டன் தேவாலயம் ஒன்றில் அவருக்காக வழிபாடு நடக்கிறது, கோமாளிகள் வேஷத்தோடு வந்து உட்கார்கிறார்கள்.

இத்தாலியச் சரக்கு இத்தாலியச் சரக்காகவே இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

மேடைக்குப்பின்னால்

எனக்கு நடிகர்களைவிட மேடை மேல்தான் கண். மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு லைட் போட்டுத் திரிந்தவன், பபூன் வந்தால் என்ன கலாட்டா என்று தெரியும். ஹார்லிக்வின் கையில் ஒரு மட்டை இருக்குமாமே, அது எதற்கு? அப்புறம் பூதம் தரையிலிருந்து எகிறி வரும் என்கிறார்கள், விசையா, ஆள் தூக்குவதா?

மட்டுறுத்துநர்

ஸ்பெஷல் நாடகத்துக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, பபூனை அங்கே கொண்டுபோங்கள். மற்றக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.

கூத்துப்பித்தன்

மட்டை என்பது இரண்டு மெல்லிய பலகைகளை ஒரு நுனியில் சேர்த்துக் கட்டியது. மெதுவாகத் தட்டினாலே பளாரென்று அறை விழுந்த மாதிரிச் சத்தம், வலிக்காது. ஹார்லிக்வின் அதால் ஒரு சுவரைத் தட்டினால் அதுதான் உள்ளே இருக்கும் ஆட்களுக்குச் சாடை. கீல் போட்ட தட்டி மடங்கிக் குடிசை மாளிகையாகும், பெட்டி நாற்காலியாகும். அடிதடி நகைச்சுவைக்கு உலகமே சொல்லும் ‘ஸ்லாப்ஸ்டிக்’ இந்த மட்டையின் பெயர்தான்.

பூதம் வருவது நட்சத்திரப் பொறி வழியாக. மேடைத் தரையில் வட்ட ஓட்டை, அதை முக்கோண மூடிகள் நட்சத்திர வடிவில் மூடியிருக்கும். கீழே ஒரு சின்னப் பலகையில் நடிகர் நிற்பார், மறுமுனையில் எதிர்எடை. கீழே ஆட்கள் விட்டதும் ஆள் அம்பு மாதிரி மேலே பாய்வார், மூடிகள் விரிந்து அவர் காற்றில் எழும்பியதும் திரும்ப விழுந்து மூடிக்கொள்ளும். கூட்டத்துக்குத் தரையில் ஓட்டை இருந்ததே தெரியாது. தலையை நேராக வைக்காவிட்டால், கைகளை ஒடுக்காவிட்டால், எதிர்எடை பிசகினால் எலும்புக்கு உத்தரவாதமில்லை.

ஈலிங்வாசி

எனக்கு ஒரு சந்தேகம். கிழவி வேஷம் ஆணுக்கு, இளவரசன் வேஷம் பெண்ணுக்கு. ஏன் இப்படி? இங்கே ஒருவரைக் கேட்டால் “எப்பவும் அப்படித்தான்” என்கிறார்கள்.

கூத்துப்பித்தன்

‘எப்பவும்’ இல்லை அக்கா. ஆண் பெண் வேஷம் போடுவது பழசு, கிரிமால்டியே 1820இல் சிண்ட்ரெல்லா கதையில் சீமாட்டி வேஷம் கட்டியிருக்கிறார். பெண் இளவரசனாக வருவது விக்டோரியா காலத்தில் ஊன்றியது. மேடம் வெஸ்ட்ரிஸ் மாதிரி நடிகைகள் கால்சட்டை வேஷத்தில் பேர் வாங்கினார்கள். பெண்கள் கணுக்காலைக்கூட மறைத்த காலத்தில் இறுக்கமான காலுறையோடு மேடையில் நிற்க இது ஒரு சாக்கு, அப்பாக்களும் பிள்ளைகளோடு வந்தார்கள். இன்னொரு காரணம் தேடத் தேவையில்லை.

1879இல் ட்ரூரி லேனை எடுத்த அகஸ்டஸ் ஹாரிஸ் இசைக்கொட்டகை நட்சத்திரங்களை இழுத்துவந்தார். மேரி லாய்ட், லிட்டில் டிச், அப்புறம் டான் லீனோ. ஹாரிஸ் காட்டிய ஊர்வலங்களும் ஜரிகையும் பழைய ஆட்களுக்குப் பிடிக்கவில்லை, பாண்டோ செத்துவிட்டது என்று அப்போதே புலம்பினார்கள். எனக்கும் அந்த ஆடம்பரம் பிடிக்காதுதான். ஆனால் லீனோவைக் கொடுத்ததற்காக ஹாரிஸை மன்னிக்கலாம். 1888 முதல் கிறிஸ்துமஸ் தோறும் ட்ரூரி லேனில் லீனோ. அவருடைய டேம் வெறும் பாவாடை கட்டிய ஆண் இல்லை. வாடகை பாக்கி, ஓடிப்போன புருஷன், பக்கத்து வீட்டுக்காரியோடு தகராறு என்று முழுசான ஓர் ஏழைப் பெண்பிள்ளை. 1902இல் அவருக்கென்றே எழுதிய ‘மதர் கூஸ்’ இன்றும் டேம் நடிகர்களுக்கு இமயமலை. 1904இல் 43 வயதில் போய்விட்டார். நூறு வருஷம் கழித்து, 2004இல், நடிகர் இயன் மெக்கெலன் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் விடோ ட்வான்கி ஆனார். 2022இல் மதர் கூஸும் ஆனார். லியர் அரசன் நடித்தவர்!

இளவரசன் வேஷத்தை 1950களில் ஆண்கள் பிடுங்க ஆரம்பித்தார்கள். 1956இல் நார்மன் விஸ்டம், 1964இல் கிளிஃப் ரிச்சர்ட், இருவருமே லண்டன் பல்லேடியம் அரங்கில் அலாவுதீன்.

போர்க்காலத்தில் வின்ட்ஸர் கோட்டையில் பின்னாளைய எலிசபெத் ராணியும் தங்கை மார்கரெட்டும் போட்ட பாண்டோக்களையும் விடக்கூடாது. 1941இல் சிண்ட்ரெல்லா, தங்கை சிண்ட்ரெல்லா, அக்கா இளவரசன். 1943இல் அக்காவே அலாவுதீன். குண்டுக்குப் பயந்து வாட்டர்லூ மண்டபத்து ஓவியங்களை எடுத்துவிட்டதால், வெறும் சட்டங்களில் பாண்டோப் பாத்திரங்களின் படங்களை ஒட்டினார்கள். பின்னால் அரசர்கள், தளபதிகளின் ஓவியங்களை அதன் மேலேயே மாட்டிவிட்டார்கள், அடியில் அந்தப் படங்கள் அப்படியே இருந்தன.

சந்தேகப்பிராணி

ராணி நடித்தார், சரி. அலாவுதீனில் சீனாக்காரர்களை எப்படிக் காட்டினார்கள் என்பதையும் சொல்லுங்கள். சலவைக்கடை, ‘விஷீ வாஷீ’ என்று பெயர், மஞ்சள் பூச்சு, கொன்னல் ஆங்கிலம். அங்கே பிறந்து வளர்ந்த கிழக்காசிய நடிகர்கள் எத்தனையோ காலமாகச் சண்டை போட்டுத்தான் இப்போது சில அரங்குகள் ஊரையும் பெயரையும் மாற்றுகின்றன. எல்லாரும் சேர்ந்து சிரிக்கும் நாடகம் என்றால் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்ற கணக்கும் வேண்டும்.

அப்புறம் பணம். ஊர்ப்புற அரங்குகள் பலவற்றுக்கு டிசம்பர் வசூல்தான் மீதி வருஷத்துக்குச் சோறு. அதற்காக டிவி சீரியல் முகம், ரியாலிட்டி ஷோ முகம் என்று யாரையாவது வில்லனாக நிறுத்துகிறார்கள். 2020இல் தொற்று வந்து அரங்கங்கள் மூடியபோது அவர்கள் அலறியது மரபு போகிறதே என்றா, கல்லா போகிறதே என்றா?

கூத்துப்பித்தன்

அலாவுதீன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயம், மாற்றுவதும் நடக்கிற காரியம். கிழடு தட்டிய நகைச்சுவையைப் பிடித்துத் தொங்குவதுதான் மரபு என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒட்டு இல்லை.

கல்லா விஷயம் வேறு. காசு வாங்காத நாடகம் எது? ரிச் 1717இல் ஆரம்பித்ததே கல்லாவுக்காகத்தான். இன்று அந்தக் கல்லா இருப்பதால்தான் சின்ன ஊர் அரங்கு மார்ச்சில் புதுசாக எழுதுகிறவனுக்கு மேடை தர முடிகிறது.

கடலோடி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் கிங்ஸ்டன் துறைமுகம் பழக்கம், அங்கிருந்து பிடித்த பைத்தியம் இது. தேசியப் பாண்டோமைம் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிய ஒன்று உலகத்தில் இருக்கிறது. பிரிட்டனில் இல்லை, ஜமைக்காவில்.

கிரேட்டா, ஹென்றி ஃபவ்லர் என்ற இருவர் 1941இல் லிட்டில் தியேட்டர் மூவ்மென்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கட்டடம் கட்டக் காசு வேண்டும், அதற்குக் கிறிஸ்துமஸ் பாண்டோ. முதல் வருஷம் கிங்ஸ்டன் வார்டு தியேட்டரில் ‘ஜாக்கும் அவரைக்கொடியும்’, அச்சு அசல் இங்கிலாந்து மாதிரி. காலனி நாட்டில் வேறெப்படி இருக்கும்?

அதை உடைத்தது லூயிஸ் பென்னெட். ஊர் முழுக்க ‘மிஸ் லூ’. ஜமைக்காப் பேச்சுமொழியான பாட்வாவில் கவிதை எழுதியதற்காகப் படித்தவர்கள் முகம் சுளித்த காலம். லண்டனில் ராடா நாடகப்பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பி வந்தும் பாட்வாவை விடவில்லை. 1949இல் நோயல் வாஸோடு சேர்ந்து அவர் எழுதியது ‘ப்ளூபியர்டும் பிரர் அனன்சியும்’. ஐரோப்பியக் கதையின் நீலத்தாடிக்காரன் வீட்டுக்குள் அனன்சியை விட்டுவிட்டார். அனன்சி என்பது மேற்கு ஆப்பிரிக்க அகான் மக்களின் சிலந்தி, அடிமைக் கப்பலில் வாய்வழியே வந்த கதைக்காரன், பலசாலியை ஏமாற்றிப் பிழைக்கிற எத்தன். மேடையில் ரேனி வில்லியம்ஸும் மிஸ் லூவும் ஜோடி சேர்ந்தால் கூட்டம் அடங்காது.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஆங்கிலப் பாண்டோவின் உறுப்பு ஒன்று உதிர்ந்தது, உள்ளூர் உறுப்பு ஒன்று முளைத்தது. தேவதை போனாள், சந்தைக்காரி வந்தாள். நாட்டுப்பாட்டும் தாளமும் வந்தன, அரசியல்வாதியைக் கிண்டலடிப்பது வந்தது. பாண்டோக் காசு உதவ, 1961இல் லிட்டில் தியேட்டர் எழுந்தது, சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்னால். 1969இல் ‘மூன்ஷைன் அனன்சி’யோடு வந்த பார்பரா குளூடன் அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அவர்களின் முக்கிய எழுத்தாளர். மாறாத ஒன்று நாள். டிசம்பர் 26 அன்று திரை தூக்கியாக வேண்டும்.

ஆகவே சந்தேகப்பிராணிக்கு ஒன்று சொல்கிறேன். சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஜமைக்காவுக்கும் சொந்தமாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அங்கே போய் இது உங்களுடையது இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

சந்தேகப்பிராணி

ஜமைக்காவில் ஒத்துக்கொள்கிறேன். அங்கே மேடையில் தன் பேச்சே கூடாது என்றிருந்த ஜனம் அதைப் பிடுங்கி எடுத்திருக்கிறது. லண்டனில் யாரும் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லையே?

கடலோடி

1737க்கும் 1843க்கும் நடுவில் சேட்லர்ஸ் வெல்ஸில் சுருளை விரித்துக்கொண்டு நின்றவனைக் கேளுங்கள்.

சந்தேகப்பிராணி

சரி, அது ஒரு அடி. மட்டையால் அடித்த மாதிரி, சத்தம் ஜாஸ்தி.

கலை, சடங்கு மாதிரித் தொட்டறிய முடியாத மரபுகளுக்கான யுனெஸ்கோ ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2024இல்தான் சேர்ந்தது, பட்டியல் போடும் பேச்சில் பாண்டோவும் அடிபடுகிறது. சேர்த்தால் அலாவுதீனின் எந்த வடிவத்தைச் சேர்ப்பார்கள் என்று பார்க்கிறேன். ஈலிங் அக்கா, வருகிற டிசம்பரில் அங்கே இருப்பேன். டிக்கெட் எப்படி எடுப்பது?

ஈலிங்வாசி

வாங்கோ தம்பி. பகல் காட்சிக்கு எடுங்கள், பிள்ளைகள் நிறைய வருவார்கள், சத்தம்தான் பாதி நாடகம். முன்னுக்கு இரண்டு மூன்று வரிசையில் தண்ணீர் அடிப்பார்கள், இனிப்பும் எறிவார்கள். ஓரத்து இருக்கை எடுக்காதேங்கோ. டேம் வந்த உடனே முன்வரிசையில் தனியாக இருக்கிற ஒரு ஆணைப் பிடித்துப் பெயர் கேட்டு, காட்சி முடியும்வரை அவன்தான் தன்னுடைய காதலன் என்று மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பா. நீங்கள் எழுதுகிறதைப் பார்த்தால் உங்களைத்தான் பிடிப்பா.